அமாவாசைக் கட்டம்

என் மகள் நான்காம் வகுப்பு படித்த ஆண்டில், அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரமே அவளுடைய டீச்சர் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார். மாலை நான்கு மணிக்குக் கூட்டம். இதற்கெல்லாம் போகிறவள் என் மனைவிதான். அன்று அவளுடைய அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சேத்துப்பட்டு போயிருந்தாள். நான் தறிக்குழியிலிருந்து ஏறி, முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

வகுப்பில் அம்மாக்கள் முன்பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாக்கள் நாலைந்து பேர்தான். அவர்களில் ஒருவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அவரும் என்னைப்போலப் பட்டு நெய்கிறவர். தறி ஓடும்போதுகூட அவர் பேசுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அவர் கையைத் தட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு, செருப்புகள் விட்டிருந்த வாசலோரம் நின்றுகொண்டேன்.

டீச்சர் வேலூர்ப் பக்கத்துக்காரர். கண்ணமங்கலம் வழியாக வரும் பஸ்ஸில் தினமும் வந்துபோவார். எங்கள் ஊரான ஆரணிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சுவரில் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை ஒட்டியிருந்தார். அதில் ஏப்ரல் வரைக்கும் பள்ளி நடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களும் காலியாக இருந்தன.

"பாதி வருஷம் போயிடுச்சுங்க. மீதிப் பாதிக்கு இந்த கிளாஸுக்கு மூணு இலக்கு வெச்சிருக்கேன்" என்றார்.

ஏப்ரலுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்பது முதலாவது. யாரும் எப்போதும் கடைசி பெஞ்சிலேயே இருக்கக் கூடாது, திங்கட்கிழமைதோறும் இடம் மாறும் என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சொல்லும்போது அட்டையைத் தொட்டுக் காட்டினார். வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தொரு பேரும் வந்த நாளின் கட்டத்துக்குப் பச்சை அடிக்கப்படும்.

"இதுல ஒண்ணுதான் எனக்குப் புரியவே இல்லைங்க. மாசத்துல ஒரு நாள் கிளாஸே காலியா இருக்குது. எட்டு பேர், ஒம்போது பேர். மறுநாளும் பாதிப் பேர் தூங்கி வழிஞ்சுகினு உக்காந்திருக்காங்க. நான் சொல்வதெழுதுதல் வெக்கிற நாளா பாத்து டிமிக்கி குடுக்கறாங்களோன்னு நெனச்சேன். அதுவும் இல்ல. முட்டை புடிக்கலியோன்னு சத்துணவு அம்மாவைப் போய்க் கேட்டேன். அவங்க என்னைப் பாத்து சிரிக்கிறாங்க. அன்னிக்கு முட்டையே அவங்க கம்மியாத்தான் வேக வெக்கறாங்களாம். இன்னாங்க நடக்குது இந்த ஊர்ல?"

வகுப்பே சிரித்தது. முன்பெஞ்சு அம்மா ஒருவர்தான் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "டீச்சர், அது அமாவாசை டீச்சர்."

"அமாவாசைக்கும் ஸ்கூலுக்கும் இன்னா?"

"அன்னிக்குத் தறி நிக்கும் இல்ல?"

டீச்சருக்கு அப்போதும் விளங்கவில்லை. எங்கள் தெருக்களில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நெய்வோம். அமாவாசை அன்று தறியில் கை வைக்க மாட்டோம். நாள்காட்டியில் சிவப்பு எழுத்தைப் பார்க்காமல் கறுப்பு வட்டம் எங்கே வருகிறது என்று பார்க்கிறவர்கள் நாங்கள். தறியைத் துடைத்துப் பொட்டு வைத்து, விளக்கேற்றிவிட்டுக் குடும்பத்தோடு எங்காவது கிளம்பிவிடுவோம். சிலர் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் இரவு தங்கி, விடிந்து வந்து இறங்குவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று யாரும் முடிவு செய்ததில்லை. தறி நின்றால் வீடே விடுமுறை, அவ்வளவுதான்.

"எங்க வீட்ல அமாவாசைன்னா அம்மா காக்காய்க்கு சோறு வெப்பாங்க. அதோட சரி" என்றார் டீச்சர்.

எதிர்வீட்டுக்காரர் எழுந்தார். "தறியே லீவு வுட்டுடுச்சு, புள்ளைங்களை மட்டும் எதுக்கு டீச்சர் அனுப்பணும்?"

"ஸ்கூல் லீவு வுடலியேங்க."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை ஸ்கூல் வெய்ங்க. நாங்க நெய்யறப்போ எல்லாம் வீட்ல கெடந்து பேஜார் பண்ணுதுங்க."

மறுபடியும் சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். ஆனால் அட்டையின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. "அமாவாசைக் கட்டத்துக்கும் பச்சை அடிக்கணுங்க. அது ஒண்ணு அடிச்சாப் போதும், மத்ததெல்லாம் தானா வரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற நாட்களில் என் மகளை நான் சரியாகப் பார்ப்பதே கிடையாது. குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வீட்டில் நடமாடுகிறவர்களின் முழங்காலும் பாவாடை ஓரமும்தான் கண்மட்டத்துக்கு வரும். நிமிர்ந்து பார்த்தால் இழை போய்விடும். காலையில் "போய்ட்டு வர்றேன்பா" என்று ஒரு குரல், மாலையில் "வந்துட்டேன்பா" என்று ஒரு குரல். அமாவாசை அன்றுதான் அவளுக்கு முகம் இருக்கும். என் மனைவி விரதச் சமையலும் வீட்டுப் பூசையுமாக இருப்பாள். மகளும் நானும் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் பஸ் ஏறுவோம். ஜன்னலோரம் அவளுக்கு. மலை ஏன் நம் கூடவே வருகிறது, கண்டக்டர் ஊரிலிருந்து ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தால் எங்கே தூங்குவார் என்று கேட்டுக்கொண்டே வருவாள். வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தந்தால் அதில் மிளகாய்த்தூளை நக்கிவிட்டுப் பிஞ்சை என்னிடம் கொடுத்துவிடுவாள். டீச்சர் நினைத்தது நடந்தால் அந்த நாள் எனக்கு இல்லை. டீச்சர் கேட்பது நியாயம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

கூட்டம் முடியும்போது டீச்சர் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டார். வகுப்புக்கு இன்னும் என்ன செய்யலாம் என்று ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவன். பிறகு எழுதியதெல்லாம் கையெழுத்துதான். நோட்டு என் கைக்கு வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. அதைச் சுவரில் வைத்து எழுதினேன்: 'அமாவாசை அன்று அப்பாக்கள் நாங்களும் பள்ளிக்கூடத்துக்கு வரலாமா.' பெயர் போடவில்லை.

டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். மின்விசிறி வேண்டும், கழிப்பறைக் கதவைச் சரி செய்ய வேண்டும் என்றெல்லாம் இருந்தது. என்னுடையது வந்ததும் நிறுத்தினார். மறுபடி ஒருமுறை தனக்குள் படித்தார்.

"வரலாமே! இது யாருங்க எழுதினது?"

நான் குனிந்து, என் செருப்பு எது என்று தேடுவதுபோல நின்றேன்.

"பேரு போடாத பெட்டிஷன் டீச்சர். செல்லாது" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"செல்லுங்க. இதுதான் நல்ல பெட்டிஷன்" என்று சொல்லி, டீச்சர் அட்டையில் கட்டங்களுக்குக் கீழே எழுதினார்: 'அமாவாசை பிற்பகல், அப்பாக்கள் வரும் நேரம்.' அன்று பிள்ளைகள் தங்கள் அப்பாக்களுக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுவார்கள் என்று ஏற்பாடு.

முதலில் வந்தது தை அமாவாசை. இறந்தவர்களுக்குச் செய்யவேண்டிய நாள். எந்த வீட்டிலும் நடுப்பகலுக்கு முன் யாரும் நகர முடியாது. வகுப்பில் எட்டே பேர். அப்பாக்கள் ஒருவரும் இல்லை. நானும் போகவில்லை, அவளையும் அனுப்பவில்லை. "தை அமாவாசைய நானே மறந்துட்டேன்னு டீச்சர் தலையில அடிச்சிகினாங்களாம்பா" என்று மறுநாள் மாலை என் மகள் தறியோரம் நின்று சொன்னாள். அந்தக் கட்டம் வெள்ளையாகவே இருந்தது.

அடுத்து மாசி அமாவாசை. இந்தமுறை டீச்சர் ஒரு வாரம் முன்பே எங்கள் தெருக்களுக்கு வந்துவிட்டார். பள்ளி விட்டதும் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, தோளில் பையும் கையில் குடையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். தறிச் சத்தத்தில் வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளே கேட்காது. எங்கள் வீட்டில் நேரே தறியறைக்கே வந்து, என் முகம் தெரிகிற மாதிரி தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"வருவீங்களா சார்?"

என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. தலையை ஆட்டினேன். போகும்போது, "உங்க பொண்ணு நல்லா படிக்கிறா. நீங்க வந்து கேக்கணும்" என்றார். நோட்டில் எழுதியது நான் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் தெரியாது.

அமாவாசைக்கு முதல் நாள், டீக்கடையில் எதிர்வீட்டுக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்: "எவனோ ஒரு புண்ணியவான் எழுதிக் குடுத்துட்டான். நாளைக்கு நாம எல்லாம் பெஞ்சுல குந்தணும். புள்ளைங்க படிச்சு முடிச்சதும் அப்பனுங்களும் எழுந்து ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கணுமாம். திணறினா டீச்சர் வெளிய நிக்க வெப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொன்னார் என்பது இப்போது தெரிகிறது. அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். என்னால் படிக்க முடியும். தனியாக இருந்தால் ஒரு முழுப் பேப்பரையும் மெதுவாகப் படித்துவிடுவேன். நாலு பேர் பார்க்க எழுந்து நின்றால் மட்டும் எழுத்து தெரிகிறது, குரல் வருவதில்லை. அதை என் மகள் பார்க்கக் கூடாது.

மறுநாள் காலை தறிக்கு விளக்கேற்றியதும், "படவேட்டுக்குப் போயிட்டு வந்துடலாம், கெளம்பு" என்றேன்.

யூனிபார்முக்காகக் கொடியில் கை நீட்டியிருந்த என் மகள் கையை இறக்கினாள்.

"இன்னிக்கு ஸ்கூல்ல உங்கள வரச் சொன்னாங்களே?" என்றாள் என் மனைவி.

"மத்தியானத்துக்குள்ள ஜல்தி வந்துடுவோம்."

வரப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். என் மகள் பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியும் ஒரு கேள்வியும் வரவில்லை. நானே, "மலை கூடவே வருது பாரு" என்றேன். "உம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்தித்தான் படித்தாள். ஒரு குளமும் அதில் நீந்தும் வாத்துகளும் வருகிற பாடம். விரல் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது.

முன்சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"நல்லா படிக்குதே பாப்பா! இன்னிக்கு ஸ்கூலு இல்லியா?"

"இருக்குது."

"அப்புறம் போவாம இங்க இன்னாத்துக்குப் படிச்சிகினு வர்றே?"

"இன்னிக்கு எங்கப்பா ஸ்கூலுக்கு வந்து நான் படிக்கிறதைக் கேக்கணும். எங்கப்பாக்கு வெக்கம். அதான் பஸ்ஸுலயே படிச்சுக் காட்டறேன்."

குறையாக அவள் சொல்லவில்லை. எனக்கு முட்டிவலி என்பதை எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். பூக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இம்மாம் பெரிய ஆம்பளைக்கு அங்க இன்னா வெக்கம்? பொண்ணு பாக்கவா கூப்ட்டாங்க?" என்றார். சுற்றிலும் சிரித்தார்கள். அத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தும் அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. என் மகள் விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு மிச்சத்தையும் படித்து முடித்தாள்.

வழியில் சந்தவாசலிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

"கோயிலு?"

"அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

எதிர்ப்பக்கம் போய் ஆரணி பஸ்ஸுக்கு நின்றோம். அது வருவதாக இல்லை. அவள் ரோட்டின் நடுவே போய் எட்டி எட்டிப் பார்த்தாள். "இந்நேரம் முட்டை... இல்ல, இன்னிக்கு அமாவாசை, யாரும் துன்ன மாட்டாங்க. சோறு போட்டுகினு இருப்பாங்க" என்று பள்ளியில் நடப்பதையெல்லாம் நேரப்படி சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் கிடைத்து, ஊர் வந்து இறங்கியபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. யூனிபார்ம் மாற்ற வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். அவள் முன்னால் ஓடினாள்.

வகுப்பு வாசலுக்குப் போனபோது மதிய வருகையை எடுத்து முடித்திருந்தார்கள். உள்ளே எல்லா பெஞ்சிலும் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில், முட்டியை மடக்க இடமில்லாமல் ஒரு அப்பா. தலைக்குக் குளித்து விபூதி பூசி, பெண் வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பச்சைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அட்டைக்கு முன்னால் நின்றிருந்தார். மூடி இன்னும் திறக்கவில்லை.

"முப்பத்தொண்ணு!" என்று உள்ளேயிருந்து ஒரு பிள்ளை கத்தியது.

"வாப்பா பெட்டிஷன்! எழுதிக் குடுத்துட்டு எங்க ஓடினே?" என்றார் எதிர்வீட்டுக்காரர். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தன் பக்கத்தில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். காலைக்கு என் மகள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்தாகிவிட்டது. அதை அழிக்க முடியாது. மதியத்துக்குக் குறியை மாற்றினார். பிறகு அட்டையில் அமாவாசைக் கட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழ்ப்பாதிக்கு மட்டும் பச்சை அடித்தார்.

"பாதி வந்துடுச்சுங்க. மீதியை பங்குனிக்கு வெச்சுக்கலாம்" என்றார்.

அப்பாக்கள் யாரையும் படிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள்தான் ஒருவர் பின் ஒருவராக எழுந்து படித்தார்கள். என் மகளும் அந்தக் குளத்தையும் வாத்துகளையும் படித்தாள். பஸ்ஸில் படித்ததைவிட மெதுவாக, யாரையும் பார்க்காமல். இரண்டு இடத்தில் தடுமாறினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமாவாசைக்கு அமாவாசை பார்த்த முகம்தான். எழுத்தைத் தேடும்போது அவள் புருவம் இப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியாது.

பங்குனி அமாவாசைக் கட்டம் முழுப் பச்சை. அந்த ஒன்றுதான். அதற்குள் ஆண்டு முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு டீச்சர் வேலூருக்குப் பக்கத்திலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகிற அன்று சத்துணவு அம்மாவிடம் முட்டைக் கணக்கை ஒழுங்காக வைக்கச் சொல்லிச் சிரித்தாராம். புதிதாக வந்த சாருக்கு அப்பாக்களைக் கூப்பிடும் வழக்கமில்லை.

ஐந்தாம் வகுப்பின் முதல் அமாவாசை வந்தது. தறியைத் துடைத்துவிட்டு, பழையபடி, "படவேட்டுக்குப் போலாமா?" என்றேன்.

அவள் யூனிபார்மில் தலைவாரிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஸ்கூல் இருக்குதுப்பா. நீ போயிட்டு வா."

நான்தான் அந்த வரியை எழுதியவன். யாரைக் குறை சொல்ல? கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தேன். "எங்க வர்றே?" என்றாள். "சும்மாதான்" என்றேன். பள்ளி பத்து நிமிட நடை. அன்று மார்க்கெட் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனோம். போன வருஷத்து டீச்சர் நம் ஊருக்கு வர எந்த பஸ்ஸைப் பிடித்தார், இப்போது பஸ் பிடிக்க வேண்டாமே, அந்த நேரத்தில் என்ன செய்வார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அதன் பிறகு அமாவாசை தவறாமல் அவளைப் பள்ளியில் விட்டுவருவது என் வேலையாயிற்று. ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கு மாறினாள். ஊரின் அடுத்த கோடி. நடந்தால் அரைமணிக்கு மேல் ஆகும். எங்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. மற்ற நாட்களில் மணியடித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் பறந்துவிடுவாள். அமாவாசை அன்று மட்டும் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, அரைமணி முன்னதாகவே பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.